முதற்குடிக்கு நகல் போட்ட கதை

போடியார் கடைக்குள் வந்ததும் மின்விசிறியை நிற்பாட்டச் சொன்னார்.

வைகாசி வெயிலில் மின்விசிறியை நிற்பாட்டச் சொல்கிற மனிசர் இரண்டு வகை. ஒன்று காய்ச்சல்காரர், மற்றது கையில் தாள் வைத்திருப்பவர். போடியாரின் சால்வை மடிப்புக்குள் ஒரு தாள் இருந்தது. அதை என் மேசையில் விரித்து, ஒரு பக்கத்தில் தன் வெற்றிலைப் பையையும் மறுபக்கத்தில் என் தேநீர்க் கோப்பையையும் பாரமாக வைத்தார். வாவிப் பக்கமிருந்து சேற்று மணம் வந்துகொண்டிருந்தது. பக்கத்துக் கடையில் றோல்ஸ் பொரிக்கிற எண்ணெய் அதோடு போட்டி போட்டது.

"மகன், இதில நான் எங்க நிக்கிறன்?" என்று கேட்டார்.

போடியார் என்றால் வட்டை வட்டையாக வயல் வைத்திருந்த ஆள் என்று பொருள். வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இவருக்கு இப்போது மிஞ்சியிருப்பது கொஞ்ச வயல்தான். ஆனால் பட்டம் வயலோடு சேர்ந்து சுருங்குவதில்லை. சில பேருக்கு வயல் குறையக் குறையப் பட்டம் விளையும்.

தாளைப் பார்த்தேன். அவருடைய ஊர் அம்மன் கோயிலிலிருந்து வந்த மின்னஞ்சல். போடியாருக்கு மின்னஞ்சல் முகவரி திறந்து கொடுத்தவன் நான். அச்சடித்துக் கொடுத்தது அவர் வீட்டுப் பிள்ளைகளாக இருக்கும். மேலே பெயர்கள். "இந்தா போடியார், இங்க இரிக்கு" என்று 'நகல்' என்ற வரியில் விரலை வைத்தேன்.

அவர் மடியிலிருந்து இன்னொரு தாளை எடுத்தார். அது நான் எழுதிய துண்டுப் பிரசுரம். ஓரங்களெல்லாம் வெற்றிலைச் சாயம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் எழுத்தை எனக்கே வாசித்துக் காட்டினார்.

"கலியாண வீட்டில் மாப்பிள்ளைக்குச் சொல்லும் வாழ்த்து, பக்கத்தில் நிற்கும் தோழன் காதிலும் விழுகிறதே, அதுதான் நகல்."

வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். அவர் தோழன் என்றால் மாப்பிள்ளை யார் என்று கேட்டார். அவரே 'பெறுநர்' வரியில் விரலை வைத்தார். அங்கே ரூபன் என்று இருந்தது.

ரூபன் அவர் பெத்த மகன்.

எழுதுகிறவனுக்கு வாசகன் கிடைப்பது பாக்கியம் என்பார்கள். ஒரு சொல் விடாமல் வாசிக்கிற வாசகன் கிடைப்பது வேறு சங்கதி. அன்றைக்குத்தான் அது எனக்கு விளங்கியது.

செவுளைத் தூக்கிப் பார்

அந்தத் துண்டுப் பிரசுரத்தின் கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

நான் கொம்பியூட்டர் படித்தவனில்லை. வாவிக்கரையோரம் ஒரு சின்னக் கடை வைத்து, போட்டோப் பிரதி எடுத்து, விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்து, ஊராருக்கு மின்னஞ்சல் வாசித்துக் காட்டி, அப்படியே ஒட்டிக்கொண்ட அறிவு. தொலைபேசிக் கம்பி வழியாக இன்ரநெற் கீச்சிட்டுக்கொண்டு வந்த காலத்தில் 'செய்திக்குழு' என்று ஒரு சாமான் இருந்தது. உலகத்துக்கெல்லாம் பொதுவான ஒரு அறிவித்தல் பலகை என்று வையுங்கள். ஒருவர் எழுதி ஒட்டினால் ஒரு இயந்திரம் அடுத்த இயந்திரத்துக்குக் கொடுக்கும், அது அதற்கு அடுத்ததுக்குக் கொடுக்கும். கடைசியில் என் மேசைக்கு வரும்.

ஒவ்வொரு மடலின் தலையிலும் 'பாதை' என்று ஒரு வரி. கடந்து வந்த இயந்திரங்களின் பெயர்கள், நடுவில் நடுவில் ஆச்சரியக்குறிகள். வாகரை பஸ்ஸின் கொண்டக்டர் தரிப்பிடங்களைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கும். ஆனால் தலைகீழ். வந்து சேர்ந்த இடம் முதலில், புறப்பட்ட இடம் கடைசியில்.

எங்களுக்குக் கடிதங்கள் உடைத்து ஒட்டி வந்த காலம் அது. எந்தச் சந்தியில் யார் உடைத்தது என்று உறையில் எழுதியிருக்காது. இந்த மடல் மட்டும் தான் வந்த வழியைத் தானே சொல்லிக்கொண்டு வந்தது. அந்த நாகரிகம் எனக்குப் பிடித்துப்போனது. ஒரு நாள் நானும் அந்தப் பலகையில், இதை எப்படி வாசிப்பது என்று ஓட்டை இங்கிலீசில் ஒரு கேள்வி ஒட்டினேன். எங்கேயோ குளிர்நாட்டிலிருந்து முகம் தெரியாத ஒருவர் ஒரே வரியில் பதில் எழுதினார்: கீழேயிருந்து மேலே வாசி. அவர்தான் என் பள்ளிக்கூடம்.

மின்னஞ்சலும் அந்தச் சாதிதான். நாங்கள் பார்ப்பது முகம் மட்டும். யார் அனுப்பியது, யாருக்கு, என்ன விசயம், எப்போது. அதற்குப் பின்னால் முழுத்தலை ஒன்று மறைந்து கிடக்கிறது. எந்த இயந்திரத்தில் புறப்பட்டது, எது கைமாற்றியது, பதில் போட்டால் உண்மையில் எவர் கைக்குப் போகும், எல்லாம் அதில் இருக்கும்.

இதைச் சாதாரண சனத்துக்கு எழுதவேண்டும் என்று எனக்குத் தோன்றியது ஏறாவூர் ஹனிபா காக்காவால். காக்கா என்றால் அந்த ஊரில் அண்ணன். அவருடைய மருமகனுக்கு வளைகுடாவில் வேலை என்று ஒரு மடல் வந்திருந்தது. அனுப்புநர் என்ற இடத்தில் பெரிய கம்பனிப் பெயர். முழுத்தலையைத் திறந்தால், பதில் போகிற முகவரி வேறு எங்கேயோ ஓசியில் திறந்த ஒன்று. நான் இதைச் சுற்றிவளைத்து விளங்கப்படுத்த, காக்கா ஒரே வசனத்தில் முடித்தார்.

"அப்ப தம்பி, சலாம் சொன்னவன் ஒருத்தன், கை நீட்டினவன் வேறொருத்தன்."

இதைவிட வடிவாக எவராலும் எழுத முடியாது. அப்படியே எழுதிக்கொண்டேன். பிறகு அது எனக்கு ஒரு பழக்கமாகிவிட்டது. தலையில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் கடைக்கு வருகிற யாராவது ஒருவரின் வாயிலிருந்து ஒரு சொல் விழும்வரை காத்திருப்பேன். மீன் விற்கிற பூமணி அக்காவுக்கு முழுத்தலையைத் திறந்து காட்டியபோது, "செவுளத் தூக்கிப் பாக்காம மீன் வாங்குறவன் வீட்டுல பூனைதான் திங்கும்" என்றா. அது முதல் பக்கத்துக்குப் போனது.

துண்டுப் பிரசுரம் சனத்திடம் நன்றாகத்தான் எடுபட்டது. எடுபட்ட விதம்தான் நான் நினைத்தது இல்லை. களுவாஞ்சிக்குடிப் பக்கத்து மனிசர் ஒருவர், லண்டனிலிருந்து மகளுக்கு வந்த சம்பந்த மடலைக் கொண்டுவந்து, முழுத்தலையில் உள்ள நேரங்களையெல்லாம் எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். மடல் லண்டனில் புறப்பட்ட நேரம் இராகுகாலம், இங்கே வந்து சேர்ந்த நேரம் நல்ல நேரம். சாத்திரியார் மாப்பிள்ளையைத் திருப்பி ஒருக்கால் அனுப்பச் சொன்னாராம். மாப்பிள்ளையை இல்லை, மடலை.

நகல் வரிக்கு மட்டும் எவர் வாயிலிருந்தும் ஒன்றும் விழவில்லை. கலியாண வீடு, தோழன், எல்லாம் என் சொந்தச் சரக்கு.

ஒரு பாய், இரண்டு வரிசை

வெளியூர் வாசகர்களுக்கு இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்லவேண்டும்.

எங்கள் பக்கத்தில் ஒவ்வொருவரும் ஒரு குடி. குடி தாய்வழியில் வரும். அப்பாவின் குடி அப்பாவோடு நின்றுவிடும், பிள்ளைகள் அம்மாவின் குடி. ஆகவே ஒரே வீட்டுக்குள் அப்பாவும் மகனும் வேறு வேறு குடி. சாப்பிடுகிற பாய் ஒன்று, கோயிலில் நிற்கிற வரிசை இரண்டு. போடியார் முதற்குடி. அவருடைய பெண்சாதி மூன்றாங்குடி. அதனால் ரூபன் கனடாவில் பனி தள்ளினாலும் மூன்றாங்குடிதான்.

அந்த ஊர் அம்மனின் கதவு வருடத்தில் ஒருமுறை, வைகாசிச் சடங்குக்குத்தான் திறக்கும். திறக்கிற நேரம் ஏழு குடியின் வண்ணக்கர்களும் வாசலில் வரிசையாக நிற்கவேண்டும். வண்ணக்கர் என்பவர் குடியின் பேரில் கோயிலுக்குப் பொறுப்பானவர். முதற்குடி வண்ணக்கர் தலையை அசைத்தால் பூசாரியார் திறப்பார். அசைக்காவிட்டால் திறக்கமாட்டார். வேறு சட்டம் கிடையாது.

முதற்குடி வண்ணக்கர் போடியார். மூன்றாங்குடி வண்ணக்கர் அவருடைய மகன். இன்னும் இரண்டு குடியின் வண்ணக்கர்களும் வெளிநாட்டில்தான். கோயிலுக்கு வரிசை கட்டிவிட்டவர்கள் விமானத்தை நினைத்துப் பார்த்திருக்கமாட்டார்கள்.

கோயில் செயலாளர் தவமணி அக்கா. தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவ. குடி பெண்ணால் வருகிற ஊரில் பெண் ஒருத்தி செயலாளராக வந்தது அதுதான் முதல் தடவை. குடி கொடுக்கலாம், கணக்குக் கொப்பி பிடிக்கக் கூடாது என்று முணுமுணுத்தவர்கள் ஊரில் இருந்தார்கள். அதில் முந்திய செயலாளரும் ஒருவர். அவருக்கு முணுமுணுப்பு என்பது மற்றவர்களின் சாதாரண சத்தம்.

வெளிநாட்டுக்காரர் மூன்று பேரும் இந்த முறை வருவார்களா, வராவிட்டால் யாரைத் தங்கள் இடத்தில் நிறுத்துவார்கள் என்று அக்காவுக்குத் தெரியவேண்டும். தொலைபேசியில் குரல் செய்தி அனுப்பினால் அதை வெட்டி ஒட்டி வேறு பேருக்கு அனுப்புகிறார்கள், எழுத்தில் இருக்கட்டும் என்று மின்னஞ்சல் போட்டா. பதில் சொல்லவேண்டிய மூன்று பேரையும் பெறுநரில் போட்டா. ஊரோடு இருக்கிற நான்கு வண்ணக்கர்களுக்கும் வாயால் சொல்லியாயிற்று, அவர்களுக்கும் ஒரு பிரதி இருக்கட்டும் என்று நகலில் போட்டா. என் துண்டுப் பிரசுரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் செய்தா. அதில் ஒரு பிழையும் இல்லை.

பிழையில்லாத காரியம் செய்தவர்தான் எங்கள் பக்கத்தில் அதிகம் பயப்படவேண்டும்.

'பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து' என்று சொல்லிவைத்த சனம் நாங்கள். கடிதத்தில் முந்துவதா பிந்துவதா என்று ஒருவரும் சொல்லி வைக்கவில்லை. ஊர்ப் பகிடிக்காரர் அந்த நகல் வரியின் இங்கிலீசு எழுத்துகளைச் 'சீ சீ' என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தது வேறு. போடியாருக்கு எழுத்து ஒரு பொருட்டில்லை. இடம்தான். மகன் முன்னுக்கு, அப்பன் பின்னுக்கு. அதுவும் கறுப்பு எழுத்தில், ஏழு பேர் பார்க்க.

கடையை விட்டுப் போகும்போது, மின்விசிறியைப் போடலாம் என்று கை காட்டிவிட்டுச் சொன்னார்: "கதவடியில மாப்பிள்ளையே நிக்கட்டும். தோழன் வரமாட்டான்."

நெல்மூட்டை மேல் மடிக்கணினி

அடுத்த நாள் அக்கா வந்தா. அழவில்லை, கோபப்படவும் இல்லை. மடித்துக்கிடந்த மற்றக் கதிரையைத் தானே விரித்து உட்கார்ந்துகொண்டு, போடியார் ஊரெல்லாம் சொல்லிவிட்டார் என்றா. முதற்குடி நிற்காவிட்டால் கதவு திறபடாது. கதவு திறபடாவிட்டால் அதற்குப் பிறகு தான் செயலாளர் கதிரையில் இருக்கப்போவதில்லை. இருக்க விட்டாலும் இருக்கமாட்டா.

"முத்திரை குத்தின கையால அம்மன்ட கதவப் பூட்டினவள் எண்டு நான் செத்த பிறகும் சொல்லுவானுகள், தம்பி. உன்ட புத்தகத்தில இதுக்கு மருந்து இரிக்கா?"

இருந்தது என்று நினைத்தேன். மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு படுவான்கரைக்குப் போனேன்.

போடியார் நெல்மூட்டை அடுக்கியிருந்த அறைக்குள் இருந்தார். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. ஒரு மூட்டை மேல் மடிக்கணினியை வைத்தேன். உமி தும்மலை வரவழைத்தது. அவருடைய மின்னஞ்சல் பெட்டியைத் திறந்து, அந்த மடலை எடுத்து, மூலத்தைக் காட்டு என்று அழுத்தினேன். முழுத்தலை வந்து திரை முழுக்கக் கொட்டியது.

"இதுதான் போடியார் அசல். தாளில கண்டது முகம் மட்டும். இதில ஆக மேல உள்ள வரியப் பாருங்க."

ஆக மேல் வரியில், சேர்ப்பித்தது இன்னாருக்கு என்று இருக்கும். அங்கே அவருடைய முகவரி இருந்தது. அவருடையது மட்டும். தன் பெயரின் இங்கிலீசு எழுத்துகளை அவர் அடையாளம் கண்டுபிடிப்பார். விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

மகனுடைய பெயர் எங்கே என்று கேட்டார். கீழே என்றேன். எவ்வளவு கீழே என்றார். நான் உருட்டினேன். உருட்டிக்கொண்டே போனேன். இயந்திரப் பெயர்கள், நேரங்கள், மனிசருக்கு விளங்காத கையொப்ப எழுத்துகள், எல்லாம் போய் முடிகிற இடத்தில் ரூபன் வந்தான்.

"இவ்வளவு கீழயா?" என்றார் போடியார். அவர் குரலில் மகனுக்காகக் கொஞ்சம் பரிதாபம்கூட இருந்தது.

நான் சொன்னது ஒன்றும் பொய்யில்லை. அவர் கேட்காததைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். அவர் அதை அச்சடித்துத் தரச் சொன்னார். பின்னேரம் ஓட்டோ பிடித்துக் கடைக்கே வந்து வாங்கிக்கொண்டு போனார். திரும்பும்போது என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். காரியம் முடிந்தது என்று அக்காவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். எனக்கு நானே ஒரு பிளேன்டீ வாங்கிக்கொண்டேன்.

ஆளுக்கொரு தாள்

போடியார் அந்தத் தாளை வீட்டில் வைத்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் முதல் மரியாதை என்பது பெட்டிக்குள் பூட்டி வைக்கிற சாமான் இல்லையே. தேத்தண்ணிக் கடையில் காட்டினார், கோயில் மடைப்பள்ளியில் காட்டினார். அசலில் தன் பெயர்தான் மேலே இருக்கிறது, முகம்தான் பொய் என்றார். செவுளைத் தூக்கிப் பார்க்கச் சொன்னார்.

இரண்டாங்குடி வண்ணக்கர் என் கடைக்கு வந்தார்.

"என்ட தலையையும் எடு" என்றார்.

எடுத்தேன். ஆக மேல் வரியில் அவருடைய பெயர். அவர் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். பிறகு ஐந்தாங்குடி வந்தார். பிறகு ஏழாங்குடி. ஏழாங்குடி வண்ணக்கர் பிறந்த நாளிலிருந்து வரிசையின் கடைசியில் நின்ற மனிசர். தன் பெயரை மேலே கண்டதும் கதிரையில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். அவருடைய முகத்தைப் பார்த்தபிறகு, ஐயா இது எல்லோருக்கும் இப்படித்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிறகு மெல்லச் சொல்லிப் பார்த்தேன். அவர் காதில் விழவில்லை.

வெளிநாட்டில் இருந்தவர்களும் தங்கள் தங்கள் தலையைப் படம் எடுத்து ஊருக்கு அனுப்பினார்கள். கதவு திறக்கிற நாள் நெருங்கியபோது அந்த ஊரில் முதற்குடி ஏழு இருந்தது.

கோயில் மண்டபத்தில் பின்னேரம் கூட்டம். என்னையும் கூப்பிட்டார்கள். பூசாரியாருக்குப் பக்கத்தில் நீலப் பிளாஸ்ரிக் கதிரையில் அக்கா. முன்னால் தாள்களோடு வண்ணக்கர்கள். முந்திய செயலாளர் எழுந்து, தனக்கு ஒன்றும் தெரியாது என்று தொடங்கினார். அப்படித் தொடங்குகிறவர்களுக்கு எல்லாம் தெரிந்திருக்கும். ஆளாளுக்குத் தனித்தனியாக நீதான் முதல் என்று எழுதி அனுப்புகிறது ஒரு செயலாளர் செய்கிற வேலையா, அம்மனின் வாசலில் இப்படி ஒரு வஞ்சகம் நடந்ததுண்டா என்று கேட்டார். போன கிழமை அக்காவின் பிழை ஒருவரைக் குறைத்தது. இந்தக் கிழமை எல்லோரையும் கூட்டியது. இதுதான் பெரிய பிழையாம்.

நான் எழுந்து விளக்கம் சொன்னேன். மடல் ஒன்றுதான், அது எவர் வீட்டு வாசலுக்குப் போகிறதோ அந்த வீட்டுக்காரரின் பெயரை அந்தந்த வாசலில் உள்ள இயந்திரம் மேலே எழுதிக்கொள்கிறது, அக்காவுக்கு இதில் சம்பந்தமே இல்லை என்றேன். இரண்டாங்குடிக்காரர் என்னைப் பார்த்தார்.

"அண்டைக்கு என்னட்ட இதச் சொல்லல்லையே, நீ?"

சனம் சிரித்தது. ஒரு சிரிப்பில் என் கட்சி கவிழ்ந்தது.

சத்தம் கூடியது. போடியார் தன் தாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மற்றதெல்லாம் கள்ளத் தாள் என்றார். பூசாரியார், வரிசை முடிவாகாமல் தான் இடுப்பில் உள்ள கதவுத் திறப்பைத் தொடமாட்டேன் என்று மெல்லச் சொன்னார். அவர் சொன்னால் சொன்னதுதான். அப்போதுதான் அக்கா எழும்பினா. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினா.

"மேல உள்ளத வாசிச்சது போதும். கீழ நான் ஒரு கேள்வி கேட்டிரிக்கன். ஆராவது அதுக்குப் பதில் சொன்னீங்களா?"

தாள்கள் மெல்லக் கீழே இறங்கின. சிலர் கண்ணாடியைத் தேடினார்கள். முழுத்தலை ஒன்றரைப் பக்கம். அதற்குக் கீழே அக்கா எழுதியது நாலு வரி. சடங்குக்கு வருகிறீர்களா, வராவிட்டால் உங்கள் இடத்தில் யார் நிற்பது, அறியத் தரவும். ஏழு பேரும் தலையை மாதக் கணக்கில் படிக்கிற பாடம் மாதிரிப் படித்திருந்தார்கள். உடம்பை ஒருவரும் வாசிக்கவில்லை. வாசிக்கச் சொல்லிக் கொடுத்தவன் நானும் வாசிக்கவில்லை.

அக்கா தன் தொலைபேசியை எடுத்து ரூபனைக் கூப்பிட்டா. கனடாவில் அப்போதுதான் விடிந்திருக்கும். ஒலியைக் கூட்டி, பூசாரியாரின் தட்டுப் பலகை மேல் வைத்தா.

அவன் தூக்கக் குரலில் ஓம் என்றான். அக்கா அவனிடம் தலையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. மடலில் கேட்டதையே கேட்டா. அவன் பதில் சொன்னான். டிக்கற் எடுத்து எவ்வளவோ நாளாகிவிட்டது, லீவும் கிடைத்துவிட்டது, பதில் எழுத நினைத்து நினைத்து விட்டுப்போய்விட்டது, அந்தத் தலைக் கதை வந்து அதிலேயே நேரம் போய்விட்டது, மன்னியுங்கள் அக்கா என்றான்.

போடியார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னுக்கு வந்தார். தொலைபேசியைக் கையில் எடுக்கவில்லை. அதன் மேல் குனிந்தார், கிணற்றுக்குள் பார்க்கிற மாதிரி.

"நீ வாறியா?"

"ஓம், அப்பா."

"எப்ப?"

"கதவு திறக்கிறதுக்கு முதல் நாள். உங்களுக்குச் சொல்லாம வந்து நிக்கலாம் எண்டு இரிந்தன்."

போடியார் நிமிர்ந்தார். கையில் இருந்த தாள் எங்கே போனது என்று எனக்குத் தெரியாது. மடித்தாரா, கீழே விட்டாரா, நான் கவனிக்கவில்லை. சால்வையை உதறித் தோளில் போட்டார். மகன் வருடக்கணக்காக ஊருக்கு வந்திருக்கவில்லை. மூன்றாங்குடிக்கு யாரோ ஒரு மச்சான்தான் ஒவ்வொரு முறையும் நின்றது. இது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். அதனால் ஒருவரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"அப்ப நீ வந்து மூணாம் இடத்தில நில்லு" என்றார் தொலைபேசிக்கு. "முன்னுக்கு நான் நிக்கிறன்."

பிறகு அக்காவிடம் திரும்பி, "புள்ள, கதவுக்கு நேரம் எத்தின மணி?" என்று கேட்டார், வேறு ஒன்றுமே நடக்காத மாதிரி.

முதற்குடி தன் இடத்துக்கு வந்துவிட்டால் மற்ற ஆறு குடியும் தங்கள் தங்கள் இடத்துக்கு வந்துதான் ஆகவேண்டும். தலை இருக்க வால் ஆடக்கூடாது என்று இரண்டாங்குடிக்காரர் தன்னைத் தலையாக வைத்து ஏழாங்குடிக்காரரிடம் சொன்னார். ஏழாங்குடிக்காரர் மட்டும் தன் தாளை விடவில்லை, சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். முந்திய செயலாளர், தானும் இதைத்தான் சொல்ல வந்ததாகச் சொன்னார்.

கதவு திறக்கிற அன்று நானும் போனேன். ரூபன் கொஞ்சம் பருத்திருந்தான். வெறும் மேலில் வேட்டியோடு மூன்றாம் இடத்தில் நின்று வியர்த்துக்கொண்டிருந்தான். போடியார் தலையை அசைக்க வழக்கத்தைவிடக் கொஞ்சம் நேரம் எடுத்தார். பின்னால் ஒருக்கால் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் அசைத்தார். உள்ளேயிருந்து ஒரு வருடத்துப் பூட்டிய காற்றும் வேப்பிலை வாசமும் வந்து முகத்தில் அடித்தன. பெண்கள் குரவையிட்டார்கள். அக்கா தூணுக்குப் பின்னால் நின்று கண்ணைத் துடைத்தா. புகை என்றா.

பெறுநர்

அடுத்த வருடச் சடங்குக்கு மடல் போட அக்கா என் கடைக்கு வந்தா. செயலாளராகத்தான் வந்தா.

துண்டுப் பிரசுரத்தில் நான் எழுதாமல் விட்ட ஒரு வரி உண்டு. மறைநகல். அதில் போட்டால் எவருக்கெல்லாம் போனது என்று ஒருவருக்கும் தெரியாது. ஊருக்குள் இப்படி ஒரு ஆயுதத்தைக் கொடுக்கக்கூடாது என்று வேண்டுமென்றே விட்டிருந்தேன். அக்கா அதை எங்கேயோ தேடிப் பிடித்துவிட்டா. ஏழு வண்ணக்கர்களையும் அதற்குள் போடச் சொன்னா. போட்டேன்.

பெறுநர் வரி வெறுமையாகக் கிடந்தது. அதில் யாரைப் போடுவது என்று கேட்டேன். அக்கா யோசித்திருந்தா. கோயிலின் பெயரில் ஒரு முகவரி திறக்கச் சொன்னா. பெயர் என்று கேட்ட இடத்தில் 'அம்மன்' என்று அடிக்கச் சொன்னா.

ஆகவே இப்போது அந்த ஊர்க் கோயில் மடலில் பெறுநர் ஒரே ஒரு ஆள்தான். அவவுக்குப் பின்னால் நிற்கிறதில் எந்தக் குடிக்கும் குறையில்லை.

ஆனால் சனம் பதில் போடும்போது 'எல்லோருக்கும் பதில்' என்பதைத்தான் அழுத்தும். அப்படி அழுத்தினால் அக்காவுக்கும் போகும், அம்மனுக்கும் போகும். போனது. பிறகு சடங்கு முடிந்த பின்னும் அம்மனுக்கு மட்டும் போய்க்கொண்டே இருந்தது.

போன மாதம் வேறு ஒரு அலுவலாக அம்மனின் மின்னஞ்சல் பெட்டியை அக்கா திறக்கச் சொன்னபோதுதான் பார்த்தோம். வாசிக்காத மடல்கள் திரைக்கு மேலே தொடங்கி உருட்ட உருட்ட வந்தன. டோகாவிலிருந்து, கனடாவிலிருந்து, அந்த ஊருக்குள்ளேயே இருந்து. விசயம் என்ற இடத்தில் விசா என்று ஒன்று, மகளின் சோதனை என்று ஒன்று, முழங்கால் என்று ஒன்று. ஒன்றில் அனுப்புநர் பெயர் மட்டும், விசயம் வெறுமை. அந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை, வைகாசியில் அவர் கடைக்கு வருவார்.

என் கை தானாகச் சுட்டியின் பக்கம் போனது. அக்கா அதைத் தட்டிவிட்டா.

"பெறுநர் ஆரெண்டு பார்."

பார்த்தேன்.

"அவவுக்கு வந்தத அவ பாத்துக்கொள்ளுவா. நீ பெட்டிய மூடு."